பிரபுவின் கொள்ளையும் கோர்ட்டின் தராசும்

ஆலை வாசலில் தொழிலாளியின் மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். ஒரு கட்டு நூல் அகப்பட்டால் போதும். வேலையும் போகும், போலீசும் வரும். களத்து மேட்டில் முந்தானையில் ஒரு படி நெல் முடிந்துகொண்டவளுக்கும் அதே கதிதான். அவளுக்காக வாதாட வக்கீல் வருவதில்லை. அவள் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போவதில்லை. அவளை மன்னித்து எந்த ஜனாதிபதியும் கையெழுத்துப் போடுவதில்லை.

கோடிகளை அள்ளியவனுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். உழைப்பாளி மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது.

யார் இந்தப் பிரபு?

பெயர் கான்ராட் பிளாக். 1944ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பிறந்த செல்வர் வீட்டுப் பிள்ளை. 1969ல் இரண்டு கூட்டாளிகளுடன் ஷெர்புரூக் என்ற ஊரில் நலிந்து கிடந்த ஒரு சிறு பத்திரிகையை வாங்கினார். 1978ல் ஆர்கஸ் என்ற பெரும் கம்பெனி அவர் கைக்கு வந்தது. பிறகு லண்டன் டெய்லி டெலிகிராஃப், ஜெருசலேம் போஸ்ட், சிகாகோ சன்-டைம்ஸ், கனடாவின் சவுதாம் பத்திரிகைகள் என்று ஒவ்வொன்றாக விழுங்கினார். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் அவருடைய ஹோலிஞ்சர் கம்பெனியின் பிடியில் இருந்தன.

காலையில் மக்கள் எதைப் படிக்க வேண்டும், எதை நம்ப வேண்டும், யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதை ஒரு தனி மனிதரின் பணப்பெட்டி தீர்மானித்தது. இதற்குப் பெயர் பத்திரிகைச் சுதந்திரமாம்!

அவருக்கு இங்கிலாந்தின் பிரபு பட்டத்தின் மேல் ஆசை வந்தது. கனடா சர்க்கார் குறுக்கே நின்றது. 2001ல் பிறந்த நாட்டின் பிரஜா உரிமையையே உதறிவிட்டு ‘கிராஸ்ஹார்பர் பிரபு’ ஆனார். முதலாளிக்குத் தேசம் எது என்று இனி யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

கொள்ளை நடந்த விதம்

ஒருவர் தம் டீக்கடையை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர், “இதே தெருவில் நீ மறுபடி கடை போடக் கூடாது” என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் கொடுப்பார். அந்தப் பணம் கடைக்காரருக்குச் சேர வேண்டியது. அதை மானேஜர் தம் பையில் போட்டுக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

ஹோலிஞ்சரில் நடந்தது அதுதான். கம்பெனி தன் சிறு பத்திரிகைகளை விற்றபோது, ‘போட்டி போட மாட்டோம்’ என்ற வாக்குறுதிக்கான தொகை பிளாக்குக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் தனித்தனியே போனது. கம்பெனி அவர்களுடையது மட்டுமல்ல. பங்கு வாங்கிய ஏராளமானவர்களுக்கும் சொந்தமானது.

இதில் உச்சம் ஒன்று உண்டு. அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி என்பது ஹோலிஞ்சரின் கிளைக் கம்பெனி. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேல் பத்திரிகைகள் வைத்திருந்தது. எல்லாம் விற்றுக் கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கலிபோர்னியா மலைப் பகுதியில் மாமத் லேக்ஸ் என்ற ஊரின் வாரப் பத்திரிகை. அந்த ஊரின் ஜனத்தொகை சுமார் 7 ஆயிரம். அந்தக் கம்பெனியோடு போட்டி போட மாட்டோம் என்று சொல்லி, அதே கம்பெனியின் தலைவர்கள் அதனிடமிருந்தே 55 லட்சம் டாலர் எடுத்துக்கொண்டார்கள்! தன் கடைக்கு எதிரே தானே கடை போடாமல் இருப்பதற்குத் தன் கல்லாவிலிருந்தே கூலி!

டைரக்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முன்னாள் வெளிநாட்டு மந்திரி ஹென்றி கிஸ்ஸிங்கர் முதல் பெரிய பெரிய மனிதர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். கணக்குத் தணிக்கைக் கமிட்டியின் தலைவர், இல்லினாய்ஸ் மாநிலத்தின் முன்னாள் கவர்னர். அந்தத் தஸ்தாவேஜுகளை மேலோட்டமாகப் புரட்டிவிட்டேன் என்று அவரே கோர்ட்டில் சாட்சி சொன்னார். அரை மணி தாமதமாக வந்தால் அரை நாள் கூலியைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, லட்சக்கணக்கான டாலர் போகிற காகிதத்தை வாசிக்க நேரமில்லை!

2004ல் கம்பெனியே நியமித்த விசாரணைக் கமிட்டி அறிக்கை தந்தது. 1997 முதல் 2003 வரை பிளாக்கும் கூட்டாளிகளும் பல வழிகளில் எடுத்த தொகை 40 கோடி டாலருக்கு மேல் என்றது. அது அந்த ஆண்டுகளில் கம்பெனியின் நிகர வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு என்று கணக்குக் காட்டியது. கம்பெனியே கொள்ளைக்கான அமைப்பாக மாறிவிட்டது என்று எழுதியவர் செங்கொடிக்காரர் அல்ல. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கமிஷனின் முன்னாள் தலைவர்!

கோர்ட்டில் என்ன நடந்தது?

2005 மே மாதம் டொரான்டோ ஆபீசிலிருந்து பிளாக் 13 பெட்டிகளில் காகிதங்களை வெளியே எடுத்துச் சென்றார். வாசலில் இருந்த காமிரா அதைப் படம் பிடித்துவிட்டது. 2007ல் சிகாகோ கோர்ட்டில் விசாரணை. பழைய கூட்டாளி டேவிட் ராட்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிளாக்குக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏறினார். ஜூலை 13ந் தேதி ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தபால் மூலம் மோசடி செய்ததாக மூன்று குற்றங்களும், நீதி விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஒன்றும் ருசுவாயின. மற்ற ஒன்பது குற்றச்சாட்டுகளில் அவர் விடுதலை. மனைவியின் பிறந்த நாள் விருந்துக்கும், கம்பெனி விமானத்தில் போரா போரா தீவுக்குப் போன உல்லாசப் பயணத்துக்கும் கம்பெனிப் பணம் செலவானது பற்றிய குற்றச்சாட்டுகளும் அந்த ஒன்பதில் சேர்ந்தவை. தண்டனை ஆறரை ஆண்டு. 2008 மார்ச்சில் புளோரிடா சிறைக்குள் போனார்.

அதோடு கதை முடியவில்லை. பணம் பேச ஆரம்பித்தது. அப்பீல் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏறியது. ‘நாணயமான சேவையை மறுப்பது மோசடி’ என்ற சட்டப் பிரிவு தெளிவற்றது என்பது அவருடைய வக்கீல்களின் வாதம். 2010 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்று, லஞ்சத்துக்கும் கமிஷனுக்கும் மட்டுமே அந்தப் பிரிவு பொருந்தும் என்று சுருக்கிவிட்டது. ஜூலையில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார்.

இந்த இடத்தில் நிதானமாகப் பேசுவோம். தெளிவற்ற சட்டம் ஆபத்தானது. எந்தச் செயல் குற்றம் என்று சொல்லாத சட்டம் முதலில் பாய்வது வேலைநிறுத்தக்காரர் மீதுதான். சங்கத்தை நடத்துகிறவர் அதை அனுபவத்தில் அறிவார். ஆகவே, சட்டம் தெளிவாக இருக்க வேண்டும் என்று பிளாக் கேட்டது குற்றமல்ல. அப்பீல் செய்யும் உரிமை அவருக்கும் உண்டு.

ஆனால் அதற்குப் பிறகும் என்ன மிஞ்சியது? மறுபடி விசாரித்த அப்பீல் கோர்ட், 2010 அக்டோபரில் இரண்டு மோசடிக் குற்றங்களை ரத்து செய்தது. மாமத் லேக்ஸ் விவகாரமும் அதில் போனது. அந்த 55 லட்சத்துக்குப் பிரதிவாதிகள் சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள்: அது உண்மையில் எங்களுக்கு வர வேண்டிய நிர்வாகச் சம்பளம், கனடாவில் வரி விழாமல் இருக்கலாம் என்றுதான் வேறு பெயர் வைத்தோம்! திருடவில்லை, சர்க்காருக்குச் சேர வேண்டியதைத் தவிர்க்கப் பார்த்தோம் என்பதே சமாதானம். ஆனால் வேறு இரண்டு விற்பனைகளில் எடுத்த 6 லட்சம் டாலர் பற்றிய மோசடிக் குற்றம் அப்படியே நின்றது. 13 பெட்டிகளைக் கடத்திய குற்றமும் நின்றது. 2011ல் தண்டனை மூன்றரை ஆண்டாகக் குறைந்தது. மீதியைக் கழித்து 2012 மே மாதம் வெளியே வந்தார். மொத்தம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகச் சிறை.

“என் மேல் இருந்த குற்றமெல்லாம் பொய்” என்று பிரபு அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார். சுப்ரீம் கோர்ட் வரை ஏறி, அத்தனை வக்கீல்களையும் வைத்து வாதாடிய பிறகும் இரண்டு குற்றங்கள் நின்றன என்பதை மட்டும் சொல்வதில்லை.

சிறையில் கண்டெடுத்த உண்மை

சிறைக்குள் போன பிறகு பிரபுவுக்கு ஒரு ஞானம் பிறந்தது. அமெரிக்காவில் சிறைகள் நிரம்பி வழிகின்றன என்றும், பிராசிக்யூட்டர்கள் மிரட்டிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்றும் எழுதினார். அது உண்மைதான். அமெரிக்க மத்திய கோர்ட்டுகளில் தண்டிக்கப்படுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். எதிர்த்துப் போராடப் பணமில்லாத ஏழைகள், கறுப்பு மக்கள் அவர்களில் ஏராளம்.

பிரபுவே! நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் உமது கையில் இருந்த காலத்தில் இந்த உண்மை எங்கே இருந்தது? அப்போதும் அந்த ஏழைகள் சிறையில்தான் இருந்தார்கள். கதவு உமக்குப் பின்னால் சாத்தப்பட்ட பிறகுதானே அவர்கள் உமது கண்ணில் பட்டார்கள்!

கோர்ட்டுக்கே வராத குற்றங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

1980களின் நடுவில் டொமினியன் ஸ்டோர்ஸ் என்ற கடைகள் பிளாக்கின் கையில் இருந்தன. அந்தக் கடைத் தொழிலாளர்களின் பென்ஷன் நிதியிலிருந்து ‘உபரி’ என்று சொல்லி 6 கோடி டாலருக்கு மேல் எடுக்கப்பட்டது. தொழிலாளர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 1986ல் ஒன்டாரியோ கோர்ட் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்காக ஒருவராவது சிறைக்குப் போனாரா? இல்லை.

1996ல் சஸ்காட்சவான் மாநிலப் பத்திரிகைகளை ஹோலிஞ்சர் வாங்கியது. ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். அது குற்றமா? இல்லை, அது ‘திறமையான நிர்வாகம்’.

1999 நவம்பரில் கால்கரி ஹெரால்டு பத்திரிகைத் தொழிலாளர்கள் முதல் ஒப்பந்தம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கனடாவின் கடுங்குளிரில் மாதக்கணக்கில் மறியல் நின்றார்கள். வெட்டி எறிய வேண்டிய அழுகிய உறுப்புகள் என்று அவர்களைப் பற்றிப் பேசினார் முதலாளி பிளாக். 2000ல் அந்தப் போராட்டம் தோற்றது. சங்கமும் போனது. அது குற்றமா? இல்லை, அது ‘முதலாளியின் உரிமை’.

கவனியுங்கள் தோழர்களே! சிகாகோ கோர்ட் விசாரித்தது எதை? பங்குதாரர்களின் பணத்தை எடுத்ததை. முதலாளி முதலாளியின் பெட்டியில் கை வைத்தால் மோசடி. போலீஸ், ஜூரி, சிறை எல்லாம் வரும். தொழிலாளியின் பென்ஷனிலும் வயிற்றிலும் கை வைத்தால் அது வியாபாரம். தராசு ஒன்றுதான், ஆனால் தொழிலாளியின் நஷ்டத்தை அதில் வைக்கத் தட்டே கிடையாது.

மன்னிப்பு யாருக்கு?

2018ல் பிளாக் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜனாதிபதி டிரம்ப்பைப் புகழ்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு. 2019 மே மாதம் அதே டிரம்ப் அவருக்குப் பூரண மன்னிப்பு வழங்கினார். வெள்ளை மாளிகையின் அறிக்கை, அவருக்காகப் பரிந்து பேசிய பெரிய மனிதர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டது. முதல் பெயர் யாருடையது தெரியுமா? கிஸ்ஸிங்கர்! கொள்ளை நடந்தபோது டைரக்டர் நாற்காலியில் இருந்த அதே கிஸ்ஸிங்கர். பூனைக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தவர், பால் பானைக்குக் காவல் இருந்தவர்!

தோற்றுப்போன அப்பீலை ஒரு பேனாக் கையெழுத்து வென்று கொடுத்தது. குற்றமில்லை என்று கோர்ட் சொல்லாததை அரண்மனை சொல்லிவிட்டது. பிரபு பட்டமோ சிறையில் இருந்தபோதும் அவரை விட்டுப் போகவில்லை.

சட்டம் எல்லோருக்கும் சமம் என்று இனி யாராவது மேடையில் பேசினால், மூன்றே கேள்வி கேளுங்கள். டொமினியன் தொழிலாளியின் பென்ஷனுக்காக யார் சிறைக்குப் போனார்கள்? கால்கரி மறியல்காரருக்காக எந்த ஜூரி கூடியது? ஒரு படி நெல்லுக்காக அடிபட்டவளை எந்த ஜனாதிபதி மன்னித்தார்?

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த நீண்ட கதையில் தொழிலாளியின் பணத்துக்காக வழக்காடி ஒரு தீர்ப்பு வாங்கியது அரண்மனை அல்ல, டைரக்டர் போர்டு அல்ல, பெரிய மனிதர்களின் சிபாரிசும் அல்ல. டொமினியன் கடைத் தொழிலாளர்களின் சங்கம்! கணக்கைக் கேட்டவர்கள் அவர்கள். கணக்கைக் கேட்கக் கற்றுக்கொண்ட தொழிலாளியிடம்தான் பிரபுக்களுக்குப் பயம்.