திறவுகோல் காக்கும் செயலியும் நம் கடமையும்

கைச்சாத்து என்பது ஒருவர் தம் சொல்லுக்குத் தாமே பிணை நிற்றலாம். முன்னாளில் மையால் இட்ட அதனை இந்நாளில் எண்ணாலும் இடுகின்றோம். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எண் கையொப்பத்திற்குச் சட்டமதிப்பு அளித்தது. அதற்குரிய சான்றிதழ் வழங்க 2002-ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதல் உரிமம் பெற்ற சேஃப்ஸ்கிரிப்ட் நம் சென்னையைச் சார்ந்த நிறுவனமே. இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் வரிக் கணக்குகளும் கம்பெனிப் பத்திரங்களும் இம்முறையால் ஒப்பமாகின்றன.

இதன் இயல்பு யாதெனின், ஒருவர்க்கு இரண்டு திறவுகோல்கள் உண்டு. மறைவான ஒன்றால் ஒப்பமிடுவர். வெளிப்படையான மற்றொன்றால் பிறர் அதனைச் சோதிப்பர். மறைத் திறவுகோல் எவர் கையில் உளதோ அவரே நம் பெயரால் பேசவல்லவர். ஆகலின் அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அதனைத் தம் வசத்தில் வைத்துக் காத்தல் உடையவர் கடமை என்றும், பிறர் கைப்படின் தாமதியாது சான்றளித்த நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும் என்றும், அறிவிக்குமளவும் பொறுப்பு அவரதே என்றும் விதிக்கின்றது.

இத்திறவுகோல்களைக் கைப்பேசிச் செயலியில் வைத்து ஆளும் வழக்கம் பெருகிவருகின்றது. அங்ஙனமாயின் காவலனைச் சோதிப்பவர் யார்? சிலர் அச்சத்தால் செயலியைப் புதுப்பிப்பதே இல்லை. சிலர் வாட்ஸ்அப்பில் எவரோ அனுப்பிய கோப்பையும் ஆராயாது ஏற்றிக்கொள்வர். இருவரும் பிழைபட்டோரே. பழைய செயலியின் ஓட்டைகளைக் கள்வர் நன்கறிவர். ஆராயாது ஏற்ற செயலியோ கள்வனே ஆதலும் கூடும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசி, முன்னிருந்த செயலியை ஒப்பமிட்ட திறவுகோலாலேயே புதுப்பிப்பும் ஒப்பமிடப்பட்டிருந்தாலன்றி அதனை ஏற்பதில்லை. இஃது நற்காவலே. எனினும் முதலில் ஏற்றியதே போலியாயின், பின்வரும் போலிகளெல்லாம் தடையின்றி நுழையும். ஆதலின் முதற்சோதனை நம்முடையதே. பொறுப்புள்ள செயலியாளர் பலர் தம் ஒப்பச் சான்றிதழின் எஸ்.எச்.ஏ.-256 சுருக்கக் குறியை வெளியிடுவர். 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட அதனை, செயலி வந்த வழியினின்றும் வேறான வழியில் பெற்று ஒப்பிடுதல் வேண்டும். உஸ்மான் சாலையில் நகை வாங்குவோர் கடைக்காரர் சொல்லோடு அமையாமல், நகையிற் பொறித்த 6 குறிகளை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பார்ப்பது போன்றதே இதுவும்.

"மெய்யான ஒப்பமுடைய புதுப்பிப்பும் கெடுதி செய்ததுண்டே" என்று வினவுவாரும் உளர். உண்மையே. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்ச்சியில், நச்சு நிரல் கலந்த புதுப்பிப்பு அந்நிறுவனத்தின் சொந்த ஒப்பத்தோடு ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளரைச் சென்றடைந்தது. ஒப்பம், பொருள் எவரிடமிருந்து வந்தது என்பதை மட்டும் காட்டும். அவர் இல்லத்துள் கள்வன் புகவில்லை என்று காட்டாது. ஆயினும் பூட்டு சிற்சில வேளை உடைபடுகின்றது என்பதற்காகக் கதவைத் திறந்துவைத்து உறங்குவார் இலர். சோதனையைக் கைவிடுதலன்று, சோதனையோடு சான்றிதழை நீக்குவிக்கும் வழியையும் முன்னரே அறிந்துவைத்தலே அறிவுடைமை.

வேலை எளிதாகும் என்று கருதித் தம் ஒப்பக் கருவியையும் அதன் மறைச்சொல்லையும் அலுவலகத்தாரிடமே விட்டுவைப்போர் நம்மிடையே பலர். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. கணினி பயிலும் நம் மாணவர், தம் இல்லத்து முதியோர்க்கும் அயலார்க்கும் இச்சோதனையை ஒருமுறை செய்துகாட்டுவாராயின், அது வகுப்பறைக் கல்வியின் நற்பயனாம். பெயர் நம்முடையதாயின் அதனை எழுதும் கோலும் நம் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.