தோள்பையும் சிங்கவால் குரங்கும்

கல்விச் சுற்றுலா என்றவுடன் நாம் தனிப் பேருந்து பிடிக்கிறோம். ஒலிபெருக்கி அலற, ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்த் திரும்புகிறோம். படம் எடுத்தாயிற்று; பார்த்தது என்ன? இவ்வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. ஆறேழு பேராகத் தோள்பையுடன் அரசுப் பேருந்திலும் ரயிலிலும் புறப்படலாமே!

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் பஸ் பிடித்தால் பழவேற்காடு. குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகளைக் காணலாம். கடலோரமாகவே தெற்கே இறங்கினால் புதுச்சேரி, நாகப்பட்டினம், அப்பால் கோடியக்கரை. வெளிமானுக்காக 1967-இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள்.

அங்கிருந்து தஞ்சை, கோவை வழியாகப் பொள்ளாச்சி சேர்ந்து, வால்பாறைக்கு ஏற வேண்டும். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டையூசி வளைவுகள் (வயிறு காலியாக இருப்பது நலம்). மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாய் மழைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெந்தக் காட்டிலும் இல்லாத சிங்கவால் குரங்கு அங்கே புதுத்தோட்டத்தில் சாலையோரமே தென்படும்.

மரத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் பிராணி அது. காடு துண்டானதால் தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அதைத் தடுக்கத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே நம்மவர்களோ வேனை நிறுத்தி பிஸ்கட் வீசுகிறார்கள்! கண்டு மனம் கொதித்தது. மேலே பாலமிருந்து என்ன பயன், தீனி தரையில் கிடந்தால்?

அடுத்த சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும் பேராசிரியப் பெருமக்கள், நொறுக்குத் தீனிச் செலவை அடித்துவிட்டு, இரண்டு பைனாகுலர் வாங்கித் தரட்டும்.