பஸ் வரவில்லையா? தேதியும் நேரமும் குறித்து வையுங்கள்

விடியற்காலை பஸ் வராமல் போனால் அதன் நஷ்டம் கீரைக்கட்டோடு நிற்பவருக்குத்தான் தெரியும். உழவர் சந்தையில் காலை வியாபாரம்தான் வியாபாரம். வெயில் ஏறிய பிறகு போய் இறங்கினால் வாடிய கீரைக்கு யார் விலை கொடுப்பார்?

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பஸ்களில் ஜி.பி.எஸ் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. 2025-ல் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் இறங்கும் புது வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

பலர் நினைப்பதுபோல செயற்கைக்கோள் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. நேரத்தைச் சொல்லும் சிக்னலை மட்டும் அனுப்புகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து, வண்டியில் உள்ள கருவிதான் இடத்தைக் கணக்குப் போட்டு, சிம் கார்டு மூலம் அனுப்புகிறது. 'உங்க ஊர்ல டவர் இல்லை, பதிவாகலை' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். விதிப்படியான கருவி, டவர் இல்லாத இடத்தில் விவரத்தைச் சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் அனுப்பிவிடும்.

ஆனால் கருவி பஸ்ஸை ஓட்டாது. கூட்டம் இல்லை என்று மதிய நடையைப் பாதி வழியில் திருப்பினால், அதையும் பதிவு செய்யும், அவ்வளவுதான். அந்தப் பதிவை கால அட்டவணையோடு ஒப்பிட்டு, ஏன் என்று கேட்க ஆள் வேண்டும். கிராமத்து வழித்தடங்களில் குறை அங்கேதான் இருக்கிறது. சென்னைக்காரர் மாநகர பஸ் வரும் இடத்தைச் செல்போனில் பார்க்கிறார். நாம் இன்னும் சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

'பஸ் ஒழுங்காக வருவதில்லை' என்று மொட்டையாக மனு எழுதினால் பலன் இருக்காது. இரண்டு வாரத்துக்கு தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், நிறுத்தம், தெரிந்தால் வண்டி எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அரசு பஸ் என்றால் பணிமனையின் கிளை மேலாளரிடம் கொடுங்கள். தனியார் மினி பஸ் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பெர்மிட்டில் உள்ள நேரத்தை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

அரசு பஸ் விஷயத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் நோட்டில் உள்ள தேதிகளை எழுதி, அந்த நடைகளின் ஜி.பி.எஸ் பதிவைக் கேளுங்கள்.