டார்ச் லைட்டுக்கு 5 ஆம்பியர் டிரைவர் போடலாமா?

கேள்வி: “இரவுக் காவலுக்காக எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் சொல்லி எல்.இ.டி. டார்ச் செய்து வாங்கினேன். 10 வாட் எல்.இ.டி., பழைய லேப்டாப் பேட்டரியில் எடுத்த மூன்று லித்தியம் செல்கள். சார்ஜ் போட்டு எடுத்ததும் கண் கூசுகிறது. அரை மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. போன வாரம் நடு வயலில் மின்மினி மாதிரி ஆகிவிட்டது. 5 ஆம்பியர் டிரைவர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?”
– வாசகர், காவாந்தண்டலம்.

பதில்: டிரைவரை மாற்றுங்கள். ஆனால் 5 ஆம்பியர் வேண்டாம்.

நான் படித்தது வேளாண்மை, எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நிலக்கடலையில் புரொடீனியா புழு பகலில் மண்ணுக்குள் பதுங்கிக்கொள்ளும். இரவில்தான் இலைக்கு ஏறும். அதைப் பார்க்க ஓர் இரவு, இதே மாதிரி செய்து வாங்கிய டார்ச்சோடு போனேன். போகும்போது பகல் மாதிரி வெளிச்சம். திரும்பும்போது வரப்பே தெரியவில்லை. கூட வந்த விவசாயி செல்போன் லைட்டைப் போட்டு, “சார், நில்லுங்க” என்றார். அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்தில் கட்டுவிரியன் கிடந்தது. அதற்குப் பிறகுதான் டார்ச்சைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே டிரைவரே இல்லை. ஒரு சின்ன ரெசிஸ்டர் மட்டும் இருந்தது. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டிரைவர் என்ன செய்கிறது?

ஏரி வாரியம் வைத்து ஏரியைப் பராமரித்ததைக் கல்வெட்டில் எழுதி வைத்த உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு மதகு கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரி நிரம்பியிருக்கும்போது மதகைத் திறந்தபடி விட்டால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், வரப்பை உடைக்கும். ஏரி இறங்க இறங்க, கடைமடைக்குத் தண்ணீர் போகாது. நீர்க்கட்டி நின்று மதகை அளவாகத் திறந்தால், ஏரி நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் வாய்க்காலில் ஒரே அளவு ஓடும். டார்ச்சுக்குள் நீர்க்கட்டி வேலை செய்வதுதான் டிரைவர்.

லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். தீரும்போது 3 வோல்ட்டுக்கு இறங்கும். வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடினாலும் எல்.இ.டி.க்குள் பாயும் மின்னோட்டம் பல மடங்கு கூடிவிடும். டிரைவர் இல்லாத டார்ச்சில் முதல் பத்து நிமிடம் எல்.இ.டி. வேகிறது, அப்புறம் பட்டினி கிடக்கிறது.

ஏன் 5 ஆம்பியர் வேண்டாம்?

ஒற்றைச் சில்லு 10 வாட் எல்.இ.டி. பெரும்பாலும் 3 ஆம்பியருக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. அதன் தாளில் அதிகபட்ச மின்னோட்டம் என்ன என்று பார்த்துவிட்டு டிரைவர் வாங்குங்கள். 0.7 ஆம்பியரிலிருந்து 2.8 ஆம்பியருக்கு ஏற்றினால் மின்னோட்டம் நான்கு மடங்கு. வெளிச்சமோ சுமார் மூன்று மடங்குதான். அதற்கும் மேலே ஏற்றினால் கூடுவது சூடுதான். எல்.இ.டி.க்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போகிறது. உரம் போடுவது மாதிரிதான் இதுவும். பயிர் எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிப் போட்ட யூரியா, பூச்சியைத்தான் கூப்பிடும்.

தூரம் எட்ட வேண்டும் என்றால் மின்னோட்டத்தைக் கூட்டுவது நட்டமான வழி. இரண்டு மடங்கு தூரம் எட்ட நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதைவிட, அகலமும் ஆழமும் உள்ள, வழவழப்பான ரிஃப்ளெக்டர் கிண்ணம் போடுங்கள். பேட்டரி கூடுதலாகச் செலவாகாது.

எதைப் போடலாம்?

உங்கள் மூன்று செல்களும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்க்கப்பட்டிருந்தால், 7135 என்ற எண்ணுள்ள சின்னச் சில்லுகள் பதித்த டிரைவர் போர்டு போதும். ஒரு சில்லு 350 மில்லி ஆம்பியர் விடும். எட்டுச் சில்லு போர்டு என்றால் 2.8 ஆம்பியர். மூன்று நிலை வெளிச்சமும், பேட்டரி தாழ்ந்தால் எச்சரித்து நிறுத்தும் வசதியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டு, மொத்தம் 11, 12 வோல்ட் வந்தால் இந்த போர்டு எரிந்துவிடும். அதற்கு வோல்ட்டேஜை இறக்கித் தரும் ‘பக்’ வகை டிரைவர்தான் வேண்டும். எனவே கடைக்குப் போகும் முன் மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

1. முதலில் செல்களை வெளியே எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். லித்தியம் செல்லை ஷார்ட் செய்தால் தீப்பிடிக்கும்.

2. 7135 போர்டில் எல்.இ.டி.யின் மைனஸ் ஒயர் டார்ச்சின் உலோக உடம்பில் படக் கூடாது. பட்டால் மின்சாரம் டிரைவரைத் தாண்டி நேராகப் போய்விடும். டிரைவர் போட்டதே வீண். பலர் தவறுவது இங்கேதான்.

3. எல்.இ.டி. உட்காரும் தட்டு, டார்ச்சின் அலுமினிய உடம்போடு முழுதாகப் பதிய வேண்டும். நடுவில் வெப்பப் பசையை மெல்லிசாகத் தடவுங்கள், அப்பிவிடாதீர்கள். சூடு உடம்புக்கு இறங்கினால்தான் எல்.இ.டி. பிழைக்கும். டிரைவர் போர்டும் சுடும். அதையும் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

4. மெல்லிய ஒயர், துருப்பிடித்த ஸ்பிரிங், மலிவான சுவிட்ச் மூன்றும் வோல்ட்டேஜைத் தின்னும். ஒயரைத் தடிமனாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் ஒரு செம்பு ஒயரை ஈயம் வைத்து இணையுங்கள்.

5. முடித்ததும் சுவிட்ச் இருக்கும் இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து மின்னோட்டம் பாருங்கள். 2.8-க்குப் பக்கத்தில், கொஞ்சம் குறைவாகக் காட்டினால் சரி. 4, 5 என்று காட்டினால் உடனே அணைத்துவிட்டு, இரண்டாவதாகச் சொன்னதை மறுபடி பாருங்கள்.

செல் விஷயம்

பழைய லேப்டாப் செல்களில் ஒன்று நன்றாக இருக்கும், மற்றொன்று செத்திருக்கும். நல்ல செல்லையும் அது கெடுக்கும். 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதுச் செல் மூன்று போட்டால் மொத்தம் 7,500. முழு வெளிச்சத்தில் சுமார் இரண்டரை மணி நேரம் வரும். கால் பங்கு வெளிச்சத்தில் பத்து மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுவதும். சேர்க்கும் முன் மூன்றும் ஒரே வோல்ட்டேஜ் காட்டுகிறதா என்று பாருங்கள். பேட்டரி ஸ்பிரேயரின் 12 வோல்ட் சார்ஜரை இதில் மாட்டவே மாட்டாதீர்கள், 4.2 வோல்ட்டில் நிறுத்தும் லித்தியம் சார்ஜர் தனியாக வேண்டும்.

எல்.இ.டி.யையும் மாற்றுவதாக இருந்தால், நீலம் பாய்ந்த வெள்ளையை விட்டு, 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ள வெள்ளையை எடுங்கள். நீல வெள்ளையில் இலையின் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். காய்ந்த இலைமேல் கிடக்கும் கண்ணாடி விரியனும் அப்படித்தான்.

இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் அந்தக் கட்டுவிரியன்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பாலோர் கிராமத்தவர்கள். காட்டுப்பன்றியை விரட்டப் பெரிய வெளிச்சம் ஒரு நிமிடம் போதும். வீடு திரும்ப, காலடி தெரிகிற சின்ன வெளிச்சம் கடைசி வரை வேண்டும். நடக்கும்போது குறைந்த நிலையில் வைத்து, மூன்றடி முன்னால் தரையில் அடியுங்கள். காலில் கம்பூட்ஸ், கையில் தடி, சட்டைப்பையில் இன்னொரு சின்ன லைட். மீறிக் கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பன்றிக்குப் பயந்து வேலியில் மின்சாரம் விடுவது சட்டப்படி குற்றம். பக்கத்து வயல்காரர் உயிரையும் வாங்கும். அதற்கு, நல்ல டிரைவர் போட்ட ஒரு டார்ச்சோடு ஒரு நடை போய்வருவது எவ்வளவோ மேல்.