மின்பிறப்பாக்கி வழங்கும் அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

தாய்க்கல்லூரிக்கு யாதேனும் ஒன்று செய்தல் வேண்டுமென்னும் ஆர்வம் பழைய மாணவர் உள்ளத்தில் என்றும் மங்குவதில்லை. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்வழங்கல் துண்டிக்கப்பட்ட பின்னர்க் குப்பி விளக்கொளியிற் கற்ற தலைமுறையினருக்கு இருளின் துன்பத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் ஒருங்கே மின்சாரம் இழந்ததையும் கண்டோர், கல்லூரிக்கு மின்பிறப்பாக்கி ஒன்று அளிக்க முன்வருதல் இயல்பே. அவ்வறம் போற்றற்குரியது. ஆயினும், பொறியோடு அதனைத் தீங்கின்றி இயக்குதற்கு வேண்டியவற்றையும் உடனளித்தலே நிறைந்த கொடையாகும் என்பது எமது துணிபு.

மின்குமிழ் எத்தகைய மின்சாரத்தையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். கணினி முதலிய இலத்திரனியற் கருவிகள் அத்தன்மையன அல்ல. நம் நாட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று அழுத்தமும் 50 ஹேட்ஸ் மீடிறனும் உடையது. அம்மீடிறனைத் தருதற்குச் சாதாரணச் சிறு மின்பிறப்பாக்கியின் எந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலவேண்டும். நீர்ப்பம்பி ஒன்று திடீரெனத் தொடங்கினால் அச்சுழற்சி தளரும். பம்பி நின்றால் விரையும். அழுத்தமும் உடன் தாழ்ந்தெழும். யூ.பி.எஸ். கருவியொன்றை இடையில் வைத்தாற் போதுமெனச் சிலர் கருதுவர். ஒழுங்கற்ற மின்சாரத்தை அக்கருவி ஏற்க மறுத்து, தன் மின்கலத்தையே செலவழித்து ஓய்ந்துவிடுதலும் உண்டு.

ஆதலின் கணினிக் கூடத்துக்கு இன்வேட்டர் வகை மின்பிறப்பாக்கியே ஏற்றது. அது தான் பிறப்பிக்கும் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, பின்னர்ச் சீரான ஆடலோட்டமாக மாற்றித் தரும். எந்திரத்தின் வேகம் மாறினும் மீடிறன் மாறாது. விலை மிகுதி என்பது மெய்யே. பழுதாகும் கணினிகளின் விலையையும் கூட்டிப் பார்ப்போர் அதனைப் பெரிதென எண்ணார். எந்திரம் ஓடிச் சீரான பின்னரே கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்தலும், எரிபொருள் தீருமுன்னரே அவற்றை நிறுத்துதலும் வழக்கமாதல் வேண்டும்.

கருவிக்கு நேரும் கேட்டைப் பணத்தால் ஈடுசெய்யலாம், உயிர்க்கேட்டுக்கு ஈடில்லை. எந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. எனவே மின்பிறப்பாக்கியை அறையினுள்ளோ விறாந்தையிலோ வையாது, யன்னல்களினின்றும் 20 அடிக்குக் குறையாத தொலைவில், திறந்த வெளியில் வைத்தல் வேண்டும். அதனைச் சுவர்க் குதையிற் செருகிக் கட்டடம் முழுவதற்கும் மின்னூட்டுதல் பெருந்தவறு. அம்மின்சாரம் தெருவிலுள்ள நிலைமாற்றி வழியே பல்லாயிரம் வோல்ற்றாக உயர்ந்து, கம்பி திருத்தும் தொழிலாளியின் உயிரைக் குடிக்கும். அவர் நம் மாணவன் ஒருவனின் தந்தையாகவும் இருக்கலாம். தகுதிபெற்ற மின்வினைஞர் பொருத்திய மாற்று ஆளியும் முறையான புவித்தொடுப்பும் இதனைத் தவிர்க்கும்.

ஆகவே, கொடையளிக்கும் அன்பர்கள் பொறியின் விலையோடு மாற்று ஆளி, புவித்தொடுப்பு, மழைபடாத திறந்த கொட்டகை ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிடுவாராக. ஆசிரியர் ஒருவருக்கும் மேல்வகுப்பு மாணவர் சிலருக்கும் அதனை இயக்கும் முறையைப் பயிற்றுவிக்கவும் ஏற்பாடு செய்வாராக. பௌதிகவியல் வகுப்பிற் படித்ததை மாணவர் கண்முன்னே காணவும் அதுவே வாய்ப்பாகும்.