கருவறை வாசலில் நின்றவர்

கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, மறு பக்கம் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம். லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் வழக்கு இந்த வட்டாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும்.

2017இல் தேர்ட் கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானவர், கிறிஸ்தவர். அவருக்குக் கீழே சீக்கிய வீரர்கள். அங்கே கோயில் உண்டு, குருத்வாரா உண்டு; எல்லோருக்கும் பொதுவான சர்வ தர்ம ஸ்தலம் இல்லை என்பது அவர் முறையீடு. வாராந்திர வழிபாட்டுக்கு வீரர்களோடு போவார். காலணியைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நிற்பார். கருவறைக்குள் போய்ப் பூஜையில் கலந்துகொள்ள மட்டும் மறுத்தார். மேலதிகாரிகள் சொன்னார்கள், பாதிரியாரும் சொல்லிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. 2021 மார்ச்சில் ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லாமல் பணிநீக்கம். டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2025 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

ராணுவத்தில் கட்டளைக்கு மறுபேச்சு கிடையாது என்பதை நாம் மறுக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவே வீரர்களின் உரிமைகளைக் குறுக்க இடம் தருகிறது. ஆனால் டாங்கியை நகர்த்து என்பதும் ஆரத்தி எடு என்பதும் ஒரே தராசில் வைக்கிற கட்டளைகளா? 1965இல் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைச் சிதறடித்தபோது இதே தேர்ட் கேவல்ரிக்குத் தலைமை தாங்கியவர் சலீம் கேலப். அவரும் கிறிஸ்தவர்தான், மகாவீர் சக்ரா பெற்றவர். அவர் எந்த வாசல்வரை போய்க் கும்பிட்டார் என்று யாராவது கேட்கிறார்களா?

கிறிஸ்தவர்களிடமும் ஒரே பதில் இல்லை. சிரியாவின் படைத்தலைவன் நாகமான், ராஜாவோடு ரிம்மோன் கோயிலில் தலைகுனிய வேண்டியிருப்பதை எலிசாவிடம் சொன்னபோது, சமாதானத்தோடே போகச் சொன்னார் தீர்க்கதரிசி. அதே வேதாகமத்தில்தான் சிலையை வணங்க மறுத்து நெருப்புச் சூளைக்குப் போன மூன்று வாலிபர்களும் வருகிறார்கள்.

இந்தச் சங்கடம் ராணுவத்தில் மட்டும் இல்லை. காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஆயுத பூஜை நாளில் பாருங்கள். லேத்துக்குச் சந்தனப் பொட்டு, வாசலில் பூசணிக்காய், ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை. வாங்கத் தயங்குகிறவனை ‘என்ன அல்லேலூயா, உங்க சாமி கோவிச்சுக்குமா?’ என்று சீண்டுவார்கள். முதல் வருஷம் அது கிண்டல். சூப்பர்வைசரும் சேர்ந்து சிரித்து, அந்த ஆளுக்கே நைட் ஷிஃப்ட் விழத் தொடங்கினால் அதற்குப் பேர் வேறு. பொரியை நீட்டுகிறவன் முகத்துக்கு நேரே ‘பேய்க்குப் படைத்தது’ என்று சொல்லும் விசுவாசியும் சக தொழிலாளியைத்தான் புண்படுத்துகிறார். அதையும் சொல்லியாக வேண்டும். கமலேசன் அப்படி எதையும் சொன்னதாகக் குற்றச்சாட்டே இல்லை.

சர்வ தர்ம ஸ்தலம் உள்ள படைப்பிரிவுகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு அவரை மாற்றியிருக்கலாம். இல்லாத இடத்தில் ஒன்று கட்டுவதற்கு ராணுவத்திடம் செங்கல்லுக்குப் பஞ்சமா?