வரைபடத்தையும் சரிபார்க்க வழி வேண்டும்

2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை தன் இணையதளத்தில் ஒரு பட்டை வரைபடம் போட்டது. அதிகம் பாதிக்கப்பட்ட ஐந்து கவுண்டிகளில் கொரோனா தொற்று நாளுக்கு நாள் எப்படிப் போகிறது என்று காட்டுவது அதன் நோக்கம். இடமிருந்து வலமாகப் பட்டைகள் அழகாக இறங்கிக்கொண்டே வந்தன. கீழே பொடி எழுத்தில் இருந்த தேதிகளைப் படித்தவர்கள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: மே 7-க்கு அடுத்து ஏப்ரல் 26 நின்றது. நாட்களைத் தேதிவாரியாக வைக்காமல் உயரவாரியாக அடுக்கியிருந்தார்கள். கேலியும் கண்டனமும் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். அங்கே சிக்கல் எண்களில் அல்ல, அவற்றை அடுக்கிய விதத்தில். அரசின் கணக்கைத் தணிக்கை செய்ய எல்லா நாட்டிலும் அமைப்புகள் உண்டு. அந்தக் கணக்கு படமாக மாறும் இடத்தில் பெரும்பாலும் யாரும் காவலுக்கு இல்லை.

பொதுப் பணத்தில் திரட்டிய தரவை இணையத்தில் வரைபடமாக வெளியிடும் எந்தத் துறையும் அதைத் திறந்த மூல லைப்ரரி (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பு) கொண்டே வரைய வேண்டும், வரைந்த நிரலையும் தரவையும் கூடவே தர வேண்டும் என்பது என் வாதம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக் போஸ்டாக்கும் அவருடைய சகாக்களும் உருவாக்கி 2011-ல் வெளியிட்ட டி3 இருக்கிறது. சீனாவின் பைடு நிறுவனத்தில் பிறந்து இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக வளர்ந்திருக்கும் ஈசார்ட்ஸ் இருக்கிறது. சிறு வேலைகளுக்குச் சார்ட்.ஜேஎஸ் போதும். ஒரு பைசா கட்டணமில்லை. மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். பிடிஎஃப் கோப்போ படமோ முடிந்துபோன பொருள்; அதற்குள் போக முடியாது. இந்த லைப்ரரிகளோ தரவை வாசகரின் உலாவிக்கே அனுப்பி, அங்கே வைத்துப் படத்தை வரைகின்றன. விரல் வைத்தால் எண் தெரியும், மாவட்டத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பதெல்லாம் எல்லோரும் பேசும் வசதிகள். அதிகம் பேசப்படாதது, தரவோடு அதை வரையும் செய்முறையும் வாசகரின் கைக்கு வந்துவிடுகிறது என்பது. அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா, பட்டைகள் எதன்படி அடுக்கப்பட்டன, எந்த நாட்கள் விடுபட்டன என்பதற்கெல்லாம் நிரலில் விடை இருக்கும். லைப்ரரி திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி3-யில் வரைந்துவிட்டு, தன் நிரலை யாரும் படிக்க முடியாதபடி சுருக்கி வைக்கிற துறையால் வாசகருக்கு லாபமில்லை.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் தொடங்கிய கோவிட்19இந்தியா தளம், மாநில அரசுகளின் அன்றாட அறிக்கைகளையும் அமைச்சர்களின் ட்விட்டர் பதிவுகளையும் தேடித் திரட்டி, டி3 கொண்டு வரைந்தது. தமிழ்நாட்டின் அறிக்கை விரிவானது. மாவட்டவாரி எண்களோடு, இறந்தவர்களின் வயதும் இணைநோய்களும்கூட அதில் இருந்தன. ஆனால் எல்லாம் பிடிஎஃப். யாரோ உட்கார்ந்து எண்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தளத்தின் நிரலும் தரவும் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடந்தன. ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் அந்தத் தரவை எடுத்துத் தங்கள் கேள்விகளுக்கேற்ப வரைந்துகொண்டார்கள். 2021 அக்டோபர் 31-ஆம் தேதியோடு அந்தக் குழு வேலையை நிறுத்தியது. அதன் பிறகு வேறு தன்னார்வலர்கள் அதே நிரலையும் தரவையும் கொண்டு பணியைத் தொடர்ந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்ததாரரின் மென்பொருளில் கட்டிய அரசு டேஷ்போர்டு ஒப்பந்தம் முடிந்ததும் என்னவாகும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் அல்ல. கூகுள் சார்ட்ஸ் இலவசம்தான். ஆனால் அதன் நிரலை இறக்கி நம் சர்வரில் வைத்துக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. எப்போதும் கூகுளின் சர்வரிலிருந்தே வர வேண்டும். அதே நிறுவனத்தின் பழைய இமேஜ் சார்ட்ஸ் சேவை 2019 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த பக்கங்களில் வரைபடம் இருந்த இடம் காலியானது. அடோபி நிறுவனம் 2020 இறுதியில் ஃபிளாஷைக் கைவிட்டபோது, அதில் செய்த ஊடாட்டப் படங்களுக்கும் அதே கதிதான். இரவல் பேனாவால் அரசிதழ் எழுதலாமா?

“யார் அய்யா அதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள்?” என்பது ஒரு நியாயமான மறுப்பு. நியூயார்க் டைம்ஸில் ஊடாட்ட வரைபடங்களுக்குப் பெயர்பெற்ற குழுவிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. வாசகர்கள் பக்கத்தை உருட்டிப் படிக்கவே விரும்புகிறார்கள், பொத்தானை அழுத்துவதில்லை என்று அதன் வரைகலை ஆசிரியர்களில் ஒருவரான ஆர்ச்சி ட்சே 2016-ல் வாதிட்டார். அங்கே பணியாற்றிய கிரெகோர் ஐஷ் மறு ஆண்டில் எழுதியபோது, அழுத்துவோர் 10 முதல் 15 சதவீதம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஊடாட்டம் வேண்டும் என்றே நின்றார். எனக்கு அவர் பக்கம்தான் சரியாகப் படுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோர் மக்கள்தொகையில் எத்தனை பேர்? அவர்கள் வாங்கும் பதில் எல்லோருக்கும் பயன்படுகிறது. ஜார்ஜியாவில் பொடி எழுத்தைப் படித்தவர்களும் சிலர்தான். முக்கியமான செய்தியைத் தொடாமலே தெரியும்படி வரைந்துவிட்டு, தோண்டிப் பார்ப்போருக்கும் கதவைத் திறந்து வைக்கலாம்; இரண்டுக்கும் பகையில்லை.

பாதுகாப்பு பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. 2024-ல் பாலிஃபில் என்ற திறந்த மூல நிரலை விநியோகித்த இணைய முகவரி கைமாறி, அதை நேரடியாக இணைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியே தீங்கு நிரல் பரவியது. ஆனால் அடி விழுந்தது அந்நிய சர்வரிலிருந்து நிரலை இழுத்தவர்களுக்கு. சோதித்த ஒரு பதிப்பை இறக்கித் தன் சர்வரிலேயே வைத்துக்கொண்டால் அந்த வழி அடைபடுகிறது; அப்படி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருவதே திறந்த மூல உரிமம்தான்.

ஆள் எங்கே என்பார்கள். டி3 கற்கக் கடினம், மறுக்கவில்லை. ஆனால் அன்றாடம் வேண்டிய கோட்டுக்கும் பட்டைக்கும் ஈசார்ட்ஸ் போன்றவற்றில் ஆயத்த வடிவங்கள் உண்டு. எண்ணை லட்சம், கோடி என்று இந்திய முறைப்படி காற்புள்ளி இட்டுக் காட்டவும் டி3-யில் வழி இருக்கிறது. ‘திருவண்ணாமலை’, ‘கள்ளக்குறிச்சி’ என்று நீளும் மாவட்டப் பெயர்களைத் தலைசாய்த்து எழுதிப் படிப்பவரின் கழுத்தை வளைக்காமல் பட்டைகளைக் கிடையாகப் போடச் சார்ட்.ஜேஎஸில் ஒரு வரி போதும். கொள்கையும் புதிதல்ல: தரவைப் பகிர 2012-லும் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர 2015-லும் மத்திய அரசு கொள்கை வகுத்துவிட்டது. உண்மையான செலவு வரைவதில் இல்லை. பிடிஎஃப்பில் புதைந்த எண்ணை எடுத்து, பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்து, நாள்தோறும் சரிபார்க்கும் ஆளுக்குத் தரும் சம்பளத்தில் இருக்கிறது. டேஷ்போர்டு டெண்டர்களில் முதலில் எழுத வேண்டிய தொகை அதுதான்.